அந்த மூச்சு யாருடையது? ஆஸ்கர் அகாதெமியின் நடிகர் தேர்வுக் கிளைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் அகாதெமியின் நடிகர் தேர்வுக் கிளை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் இருக்கும் டப்பிங் கலைஞர். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் 19 வருடங்களாக உங்கள் ஊர்ப் படங்களுக்குத் தமிழில் பேசிவருகிறேன். கதாநாயகிக்குப் பேசியது ரொம்பக் குறைவு. எனக்கு வருவதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா, மருத்துவமனை நர்ஸ், கதாநாயகியின் தோழி, பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா. திரையில் பெரிய உடம்போடு ஒரு பெண் வந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். எனக்கும் பெரிய உடம்பு. உடம்பு பெருத்தால் குரலும் பெருக்கும் என்பது உண்மையில்லை. எங்களில் ஈர்க்குச்சி போல இருக்கும் ஒருவர் வாயைத் திறந்தால் கூடமே அதிரும். இருந்தாலும் அந்த வேஷம் அவரிடம் போகாது, என்னிடம்தான் வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு படம். பெரிய உடம்புள்ள ஒரு பெண் அலுவலகத்துக்குள் வருகிறாள். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் ராத்திரி நடந்ததைத் தோழியிடம் சொல்கிறாள். ஒரே லூப், அதாவது ஒரே மூச்சாகப் பதிவு செய்யும் ஒரு துண்டு. ஹெட்போனில் அந்த நடிகையின் மூலக் குரல் கேட்கிறது. மூச்சு சீராக இருக்கிறது. நானும் அப்படியே பேசி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “அக்கா, கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி குடுங்க” என்றார்கள்.

“ஒரிஜினல்ல அப்படி இல்லையேப்பா.”

“இல்லதான்க்கா. ஆனா ஆளு அந்த சைஸ்ல இருக்காங்கல்ல, ஜனங்க எதிர்பார்ப்பாங்க.”

மறுபடி எடுத்தோம். அந்த நடிகை வாங்காத மூச்சை நான் வாங்கினேன். அடுத்த லூப்பில் தோழி வெறுமனே ‘வா’ என்று கூப்பிடும் இடத்தில், தமிழ்த் தாளில் ‘வாடி பூசணிக்கா’ என்று எழுதியிருந்தது. அதற்கு நான் சிரித்தும் காட்டினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் கண்ணிலேயே இருந்தது. எங்கோ ஒரு நடிகை, எந்த உடம்போடு பிறந்தாளோ அந்த உடம்போடு, தன் மூச்சை அடக்கி ஆண்டு ஒரு காட்சியைச் செய்து வைத்திருக்கிறாள். அதை நான் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அப்படிக் கேட்டால் செய்வதில்லை. அதனால் இரண்டு மூன்று இடங்களில் வாய்ப்பும் போனது. ஆனால் ‘ஜனங்க எதிர்பார்ப்பாங்க’ என்ற அந்தப் பேச்சு எங்கள் ஊரில் முளைத்தது மட்டும் இல்லை. அந்த எதிர்பார்ப்பை உலகம் முழுவதற்கும் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பியது உங்கள் படங்கள். எங்கள் ஊர்ப் படங்களின் கணக்கு தனி. அதை எங்கள் ஆட்களிடம் நான் நேரில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் பேசவேண்டியதை இந்த மடலில் எழுதுகிறேன்.

இயக்குநர்களை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், கதவு உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கிளை அகாதெமியில் 2013-ல்தான் உருவானது. 1927-ல் தொடங்கிய ஓர் அமைப்பு, யார் நடிப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்குத் தனி இடம் கொடுக்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டது. 98-வது விழாவிலிருந்து நடிகர் தேர்வுக்கென்றே ஒரு ஆஸ்கர் உண்டு என்று 2024-ல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு முகத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதும் கலைதான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சிலையை எதற்காகக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பெரிய உடம்பை ஜனங்கள் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று உங்கள் தொழிலில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மேரி டிரெஸ்லர் ஞாபகம் வரும். 1930-ல் வந்த ‘மின் அண்ட் பில்’ படத்தில் துறைமுகத்து விடுதிக்காரியாக நடித்ததற்காக, சிறந்த நடிகைக்கான விருதை நீங்களே அவருக்குக் கொடுத்தீர்கள். அப்போது அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. உடம்பு பெரியது, முகம் அழகுக் களிம்பு விளம்பரத்துக்கு வைக்கிற முகம் இல்லை. 1932, 1933 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், அமெரிக்கத் திரையரங்குக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வசூல் நட்சத்திரங்களின் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து முதலிடம். ஊரெல்லாம் வேலையில்லாமல், வங்கிகள் மூடிக் கிடந்த காலம் அது. கையில் இருந்த சில்லறையைக் கொடுத்து ஜனங்கள் அந்த அம்மாவைப் பார்க்கப் போனார்கள். அவர் 1934-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவரைப் போன்ற ஒரு பெண்ணை அந்த உயரத்துக்கு யாரும் கொண்டுபோகவில்லை. பார்வையாளர்கள் மாறியதற்கு எனக்கு எந்தச் சான்றும் தெரியவில்லை. கதவு மாறிவிட்டது.

ஆண்களுக்கு வேறு விதமான கதை. மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளை உலகம் ‘ஃபேட்டி’ என்றுதான் அறியும். குண்டன் என்று அர்த்தம். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. தெரிந்தவர்கள் ராஸ்கோ என்றுதான் கூப்பிட்டார்கள். கதவில் சிக்கிக்கொள்வது, நாற்காலியில் மாட்டிக்கொள்வது மாதிரியான மலிவான சிரிப்புக்குத் தன் உடம்பைக் கொடுக்க அவர் சம்மதித்ததில்லை. பம்பரமாகச் சுழல்வார், குட்டிக்கரணம் அடிப்பார், அவ்வளவு பெரிய உடம்பு தரையில் இறகு போல இறங்கும். பின்னால் பெரிய நகைச்சுவை நட்சத்திரமான பஸ்டர் கீட்டனைப் படத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். 1921-ல் பாராமவுண்ட் நிறுவனம் அவருக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் பேசியது. அதே வருடம் செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் அவர் வைத்த விருந்துக்கு வந்த இளம் நடிகை ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார்.

அந்தப் பெண்ணின் சாவு உண்மையான துயரம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பத்திரிகைகள் என்ன செய்தன? நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே, அவர் எடைதான் அந்தப் பெண்ணை நசுக்கியது என்று ஊர் நம்பும்படி எழுதின. அதுவரை சிரிப்பு மூட்டிய உடம்பு ஒரே வாரத்தில் கொலைக்கருவி ஆகிவிட்டது. மூன்று விசாரணைகள் நடந்தன. 1922 ஏப்ரல் 12-ல் மூன்றாவது ஜூரி அவரை விடுவித்தது; விடுவித்தால் மட்டும் போதாது, அவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்கிறது என்று எழுதியே கொடுத்தது. ஆறே நாளில் திரைத்துறையின் தலைவராக வந்திருந்த வில் ஹேஸ் அவர் படங்களுக்குத் தடை போட்டார். தடை அந்த வருடக் கடைசியிலேயே நீங்கினாலும் பல வருடங்களுக்கு நடிக்கும் வேலை திரும்பவில்லை. வேறு பெயரில் படங்களை இயக்கிக்கொண்டிருந்துவிட்டு 1933-ல், 46 வயதில் போய்விட்டார். ஒருவரை உடம்பால் மட்டுமே அறிந்து வைத்திருக்கும் ஊர், அதே உடம்பை வைத்தே அவரை வெறுக்கவும் செய்யும். இதை நான் ஆர்பக்கிள் கதையில்தான் தெரிந்துகொண்டேன்.

இனி 2023 மார்ச் 12-க்கு வருகிறேன். உங்கள் 95-வது விழா. அன்று பிரெண்டன் ஃப்ரேசர் ‘தி வேல்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கினார். 272 கிலோ எடையுள்ள ஓர் ஆங்கில ஆசிரியர், வீட்டை விட்டு வெளியே வராதவர், மகளோடு கடைசி முறையாக உறவைச் சரிசெய்யப் பார்க்கிறார். அவருடைய அழுகையைப் பார்த்து நானும் அழுதேன். ஃப்ரேசர் பல வருடங்கள் தொழிலில் ஒதுங்கிக் கிடந்து திரும்பி வந்தவர். அவர் மேடையில் நின்றதைப் பார்க்க மனசு நிறைந்தது. அதே படத்துக்கு ஒப்பனை விருதும் கிடைத்தது. அந்த உடம்பைக் கணினியில் செதுக்கி, சிலிக்கோனில் வார்த்து, மணிக்கணக்கில் அவர்மேல் பொருத்தினார்கள். நாள் முடிவில் அதைக் கழற்றியதும், படகிலிருந்து கரையில் இறங்கினாற்போலத் தலை சுற்றும் என்று ஃப்ரேசரே சொல்லியிருக்கிறார். பெரிய உடம்போடு வாழ்பவர்கள் எவ்வளவு வலுவாக இருக்கவேண்டும் என்று அவர் மரியாதையோடுதான் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதே மேடையில், அதே இரவின் தொடக்கத்தில், நிகழ்ச்சியை நடத்திய ஜிம்மி கிம்மல் அரங்கைச் சுற்றிப் பார்த்து, எல்லோரும் இவ்வளவு நன்றாக இருக்கிறீர்களே, எடை குறைக்கப் பலர் போட்டுக்கொள்ளும் ஒசெம்பிக் மருந்து எனக்கும் சரிப்படுமா என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. கழற்றி வைக்க முடிந்த எடைக்கு அன்று இரண்டு சிலைகள் கிடைத்தன. கழற்ற முடியாத எடை அந்த அரங்கத்துக்குள்ளேயே வரக்கூடாது என்பதற்கு மருந்து இருக்கிறது. கிம்மலைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சிரிப்பில் எவ்வளவு பழகிய சம்மதம் இருந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒப்பனை விருதுகளை வரிசையாகப் பாருங்கள். 1996-ன் ‘தி நட்டி புரொஃபசர்’ படத்தில் எடி மர்ஃபிக்குப் பருத்த உடம்பு செய்து கொடுத்ததற்கு விருது. 2017-ன் ‘டார்க்கெஸ்ட் அவர்’ படத்தில் கேரி ஓல்ட்மேனைச் சர்ச்சில் ஆக்கியதற்கு விருது. நடித்த அவருக்கும் விருது. அடுத்த வருடம் ‘வைஸ்’ படத்தில் கிறிஸ்டியன் பேலுக்குச் செய்த ஒப்பனைக்கு. பிறகு ‘தி வேல்’. செய்தவர்களின் கைத்திறன் அபாரம் என்பதில் சந்தேகமே இல்லை. சர்ச்சில் போல உலகமே முகமறிந்த ஒருவரைக் கொண்டுவர ஒப்பனை தேவை என்பதும் எனக்குப் புரிகிறது. ‘தி நட்டி புரொஃபசர்’ பேராசிரியரும் ‘தி வேல்’ ஆசிரியரும் அப்படி இல்லை, கற்பனையில் பிறந்தவர்கள். அந்த இடத்துக்கு ஆள் தேட எத்தனை கதவைத் தட்டினார்கள் என்று கேட்கவேண்டியவர்கள் நீங்கள்தான்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். நாங்கள் முதலில் பிடிப்பது வசனத்தை அல்ல, மூச்சை. வாய் திறக்கும் முன் தோள் எழுகிறதா, வார்த்தை முடிந்தபின் காற்று எங்கே போகிறது, அதைப் பிடித்துவிட்டால் உதடு தானாக ஒட்டும். சிலிக்கோனும் நுரையும் கட்டிக்கொண்டு நடிப்பவர்களின் மூச்சில் எனக்கு எப்போதும் ஒரு சுமை கேட்கிறது. மூட்டை தூக்குகிறவர் மூச்சு அது. எழுந்தால் கனம், திரும்பினால் கனம், ஒவ்வொரு அசைவிலும் கனத்தைக் காட்டவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. சொந்த உடம்பில் இருப்பவர் உடம்பை மூட்டை போலத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை, அதற்குள் குடியிருக்கிறார். எந்த நாற்காலி தாங்கும் என்று அறைக்குள் நுழையும்போதே அவர் கண் அளந்துவிடும். எழும்போது கை எங்கே ஊன்றவேண்டும் என்று யோசிக்கவே மாட்டார். போட்டோ எடுக்கும்போது தன்னை அறியாமல் ஒருவருக்குப் பின்னால் பாதி ஒதுங்கி நிற்பார். இது எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் நிற்பேன். இதையெல்லாம் ஒப்பனை மேசையில் வைத்து ஒட்டமுடியாது.

‘வாட்ஸ் ஈட்டிங் கில்பர்ட் கிரேப்’ படத்தில் அம்மாவாக வரும் டார்லீன் கேட்ஸைப் பாருங்கள். 1993. அதற்கு முன் அவர் நடித்ததே இல்லை. வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சிப் பேச்சு நிகழ்ச்சியில் அவர் வந்ததைக் கதாசிரியர் பார்த்துத்தான் அழைத்தார்கள். படத்தில் மகனைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக வெளியே வராத அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய், மகனைக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். வாசலில் ஊர் கூடி நிற்கிறது. சிறுபிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஒருவர் படம் எடுக்கிறார். கேட்ஸின் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தலை சற்றே குனிந்து, மகன் கூட இருக்கிறான் என்ற நினைப்பில் நடக்கிறார். அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறதுதான். ஆனால் அது எடைக்காக வாங்கும் மூச்சு இல்லை. பிள்ளைக்காக ஊரைக் கடக்கும் ஒரு தாயின் மூச்சு. இந்த வித்தியாசத்தைக் காட்ட எந்த ஒப்பனைக்காரராலும் முடியாது. அந்தப் படத்தில் லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, கிடைக்கவேண்டியதுதான். கேட்ஸுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சில வேஷங்கள்தான் வந்தன, பெரும்பாலும் தொலைக்காட்சியில். 2017-ல் அவர் போய்விட்டார். அப்படி ஒரு நடிகை உங்கள் முன் வந்து நின்றார், நீங்கள் இன்னொரு முறை கூப்பிடவில்லை.

பெரிய உடம்புள்ள பெண்களுக்கு விருதே கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறீர்கள், எதற்கு என்று பார்க்கிறேன். 1940-ல் ஹேட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். எஜமானர் வீட்டு அடிமைத் தாதியாக நடித்ததற்கு. விருது கொடுத்த அந்த ஓட்டலில் சக நடிகர்களோடு உட்கார விடாமல் சுவரோரம் தனி மேசை போட்டார்கள். 2010-ல் மோனிக், மகளைக் கொடுமைப்படுத்தும் தாயாக. அன்று அவர் மெக்டேனியலைப் போலத் தலையில் கார்டினியாப் பூ வைத்துக்கொண்டு வந்து, மேடையில் அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னார். 2012-ல் ஒக்டேவியா ஸ்பென்சர், வீட்டு வேலைக்காரியாக. 2024-ல் டிவைன் ஜாய் ராண்டால்ஃப், பள்ளிக்கூடச் சமையல் பொறுப்பாளராக, மகனைப் போரில் இழந்த தாயாக. நான்கும் துணை நடிகை விருது. நான்கு பேரும் தகுதியானவர்கள். ஆனால் 84 வருட இடைவெளியில் அந்த உடம்பு அடுப்படியிலிருந்தும் பிறர் வீட்டிலிருந்தும் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? யாரையாவது காதலிக்க விட்டீர்களா? ஒரு விஞ்ஞானியாக, நீதிபதியாக, வெறுமனே சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயாவது கிளம்பிப் போகிற பெண்ணாக? என் 19 வருடத்தில் பெரிய உடம்புள்ள பெண்ணுக்குக் காதல் காட்சி டப்பிங் பேச எனக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் காட்சியின் கடைசியில் அவன் ஓடிப்போவதாக.

கெபரே சிடிபே 2009-ல் ‘பிரெஷஸ்’ படத்தில் நடித்தபோது அதுதான் அவருக்கு முதல் படம். சிறந்த நடிகைக்கான பரிந்துரை வரைக்கும் போனார். விழா முடிந்த வாரமே வானொலியில் ஒரு பிரபலமானவர், இந்தப் பெண்ணுக்கு இனிமேல் படமே கிடைக்காது, இவ்வளவு பெரிய உடம்புக்கு யார் வேஷம் எழுதுவார்கள் என்று பேசினார். அவர் பேசியது கொடுமை. அதைவிடக் கொடுமை, தொழிலில் பலர் அதைச் சாதாரணக் கணிப்பாக எடுத்துக்கொண்டது. சிடிபே விடாமல் தொடர்ந்து நடித்துக்கொண்டிருக்கிறார். அவர் விடாததற்கு அவரைப் பாராட்டவேண்டும். தொழிலைப் பாராட்ட அதில் ஒன்றும் இல்லை.

மெலிசா மெக்கார்த்தி இரண்டு முறை பரிந்துரை பெற்றவர். ஆஸ்கர் விழாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு உடை தைத்துத் தரச் சொல்லி ஐந்தாறு பெரிய வடிவமைப்பாளர்களைக் கேட்டேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று 2014-ல் அவர் சொன்னார். துணி கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். என் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அண்ணன் எந்த அளவையும் முகம் சுளிக்காமல் டேப்பில் எடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார். நடிகை ரெபெல் வில்சன் சொன்னது இதற்கு நேர் எதிர். ‘பிட்ச் பெர்ஃபெக்ட்’ படங்களின் ஒப்பந்தம் இருந்தவரை எடையைப் பெரிதாக மாற்றக்கூடாது என்ற கட்டு அவருக்கு இருந்தது. பின்னால் அவர் உடம்பைக் குறைக்க முடிவு செய்தபோது, ஏன் இதைச் செய்கிறாய் என்று அவரோடு வேலை செய்தவர்களே கேட்டார்கள். சிரிக்க வைப்பதுவரை அந்த உடம்பு வேண்டும், உடை போட்டு விழாவுக்கு வரும்போது வேண்டாம். இரண்டு பக்கத்திலும் அந்த உடம்பு அவருடையது இல்லை.

ஆரோக்கியம் என்று ஒரு வாதம் உடனே வரும். பெரிய உடம்பைத் திரையில் காட்டினால் நோயைக் கொண்டாடுவதாகும் என்பார்கள். பெரிய உடம்புள்ள நகைச்சுவை நடிகர்கள் ஜான் கேண்டி 1994-ல் 43 வயதில் மாரடைப்பில் போனதையும், கிறிஸ் ஃபார்லி 1997-ல் 33 வயதில் போனதையும் சொல்வார்கள். ஃபார்லியைக் கொன்றது போதைப்பொருள். எடையால் உடம்புக்கு வரும் சிக்கல்களை நான் மறுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஸ்டூடியோவுக்குக் கிளம்புகிறேன். ஆனால் ஆரோக்கியத்தைப் பற்றி உங்கள் தொழில் பேசலாமா? 16 வயது நடிகை ஜூடி கார்லண்டுக்குச் சோற்றைப் பிடுங்கி, சூப்பும் மாத்திரையும் கொடுத்து மெலிய வைத்தது ஸ்டூடியோ. மாத்திரை அவரை விடவே இல்லை. 47 வயதில் தூக்க மாத்திரையிலேயே போனார். ‘ரேஜிங் புல்’ படத்துக்காக ராபர்ட் டி நீரோ படப்பிடிப்பை நிறுத்தி வைத்துவிட்டு 27 கிலோ ஏற்றிக்கொண்டு வந்தபோது, உடம்பு கெடும் என்று சொல்லி யாரும் விருதை நிறுத்தவில்லை. அர்ப்பணிப்பு என்றார்கள். ஏற்றி இறக்கினால் அர்ப்பணிப்பு, இருந்தபடி இருந்தால் மட்டும் நோயா?

கேண்டியைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதாமல் நகர எனக்கு மனமில்லை. 1987-ல் ஸ்டீவ் மார்ட்டினோடு அவர் நடித்த பயணப் படத்தில் ஒரு விடுதி அறை. மார்ட்டின் அவரை நிறுத்தாமல் திட்டித் தீர்க்கிறார். ஓயாத பேச்சு, சலிப்பூட்டும் கதைகள் என்று. கேமரா கேண்டியின் முகத்திலேயே நிற்கிறது. சிரிப்பு மெல்ல அணைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. பிறகு, நான் இப்படித்தான், எனக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்கிற மாதிரி நிதானமாகப் பதில் சொல்கிறார். புதிதாக டப்பிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். பதில் சொல்லும் முன் அவர் இழுத்துக்கொள்ளும் அந்த ஒரு மூச்சைக் கவனியுங்கள் என்பேன். இவ்வளவு செய்யத் தெரிந்த மனிதரிடம் எத்தனை படங்களில் விழுந்து எழும் வேலையை மட்டும் வாங்கினார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்கள் நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் பருமன் என்ற மருத்துவக் கணக்குக்குள் வருகிறார்கள் என்று உங்கள் அரசின் நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது. உங்கள் படங்களில் தெருவில் நடப்பவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் 1976-லேயே எடையை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். நியூயார்க் நகரம் 2023-ல் போட்டது. நடிப்பில் உருவம் ஒரு தேவை என்பதால் சட்டம் உங்கள் அறைக்குள் வந்து எட்டிப்பார்ப்பது கடினம். அதனால்தான் உங்கள் மனசாட்சியிடம் பேசவேண்டியிருக்கிறது.

சிறந்த படத்துக்குப் போட்டியிட அகாதெமி 2020-ல் சில நிபந்தனைகளை அறிவித்தது. 96-வது விழாவிலிருந்து அவை கட்டாயம். பெண்கள், இனம், பாலினச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் என்று அதில் யார் யாரைச் சேர்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்ல காரியம். உடம்பின் அளவு அதில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி உங்கள் கிளை எழுதவேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்து, ஒப்பனை உடம்புக்கு வாக்குச் சீட்டு வரும்போது, இந்த வேஷத்துக்கு அந்த உடம்புள்ள நடிகர்களைக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தாலே கொஞ்சம் பேரையாவது கூப்பிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் இது. ஒரு பாத்திர அறிவிப்பில் ‘வழக்கறிஞர், 35 வயது, கூர்மையானவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஒல்லி என்று யாரும் எழுதவில்லை. அதை நீங்களாகச் சேர்த்துப் படிக்கிறீர்கள். சேர்க்காமல் படியுங்கள். பெரிய உடம்புள்ளவரைக் கூப்பிடுங்கள், அவர் வசனத்தில் எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எடை குறைந்ததால்தான் வாழ்க்கை திறந்தது என்ற முடிவும் வேண்டாம். உங்கள் புதிய சிலையை அப்படி ஆள் தேடிய ஒருவர் கையில் கொடுங்கள்.

போன மாதம் ஒரு தொடருக்குப் பேசினேன். இரண்டாவது அத்தியாயத்தில், என் அளவில் ஒரு பெண். துப்பறிவாளர். மழையில் காரிலிருந்து இறங்கி, வாசலில் கால் துடைத்து, உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ‘யாராவது காபி வச்சிருக்கீங்களா?’ என்று கேட்கிறாள். அறையில் யாரும் அவளை மேலும் கீழும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுப் பையன் ஒருவன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தேன், மூச்சைப் பற்றி ஏதாவது சொல்வானோ என்று. அவன் தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், “அக்கா, நீங்க சாதாரணமா எப்படிப் பேசுவீங்களோ அப்படியே” என்றான். ஒரே டேக்கில் முடிந்தது.

அன்புடன்,
வடபழனியிலிருந்து ஒரு டப்பிங் கலைஞர்